பறவைக் காய்ச்சல்: அத்தை பயந்த கோழியும் பயப்படாத கோழியும்

சிங்கப்பூரில் ஈசூனில் இருக்கும் என் அத்தை வருடத்துக்கு ஒரு முறையாவது கோழி வாங்குவதை நிறுத்திவிடுவார். வாட்ஸ்அப்பில் "அவசரச் செய்தி, யாரும் கோழி சாப்பிட வேண்டாம்" என்று ஏதாவது வந்திருக்கும். எந்த நாட்டில் நடந்தது, எந்த ஆண்டில் நடந்தது என்று அதில் இருக்காது. அத்தைக்கு அதெல்லாம் வேண்டியதும் இல்லை. உறைபெட்டியில் இருக்கும் கோழியை எடுத்துக் கீழ்வீட்டு அம்மாவிடம் கொடுத்துவிடுவார் (அந்த அம்மா ஒருநாளும் வேண்டாம் என்றதில்லை). அப்புறம் இரண்டு வாரத்துக்கு மீன்தான்.

இதே அத்தை ஜூன் விடுமுறையில் தஞ்சாவூர்ப் பக்கம் சொந்த ஊருக்குப் போயிருந்தார். அங்கிருந்து ஒரு படம் வந்தது. கொல்லைப்புறத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, அறுத்த நாட்டுக்கோழியை வெந்நீரில் முக்கி இறகு பிடுங்கிக்கொண்டிருக்கிறார். பக்கத்தில் அண்ணனின் பேரன், நாலு வயது, இன்னொரு கோழியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு சிரிக்கிறான்.

பறவைக் காய்ச்சலைப் பற்றி அரை நிமிடத்தில் சொல் என்று யாராவது கேட்டால், நான் இந்த இரண்டு காட்சிகளையும்தான் சொல்வேன். உறைபெட்டிக் கோழியால் அத்தைக்கு அநேகமாக எந்த ஆபத்தும் இல்லை. கொல்லைப்புறத்துக் கோழி நோய்க்கோழியாக இருந்திருந்தால் அத்தைக்கும் ஆபத்து, அந்தப் பையனுக்கும் ஆபத்து. அன்று அது நல்ல கோழி, குழம்பும் நன்றாக இருந்ததாம். ஆனால் பயத்தை எங்கே வைப்பது என்பதில் அத்தை தலைகீழாக நின்றுகொண்டிருந்தார்.

முதலில், இது என்ன?

நமக்கு வருடாவருடம் வரும் சளிக்காய்ச்சலுக்கு (ஃபுளூ) காரணமான இன்ஃபுளுவென்சா வைரஸின் சொந்தக்காரர்தான் இதுவும். இன்ஃபுளுவென்சா ஏ என்ற பெரிய குடும்பத்துக்குப் பிறந்த வீடு காட்டு வாத்து, கடற்புள் போன்ற நீர்ப்பறவைகளின் குடல். பல வாத்துகள் நோயே இல்லாததுபோல நீந்திக்கொண்டு எச்சத்தில் வைரஸை விட்டுக்கொண்டே போகும். குளிர்ந்த நீரில் அது வாரக்கணக்கில் உயிர்ப்போடு இருக்கும். அந்த நீரை, அந்த எச்சத்தை, அது ஒட்டிய காலணியை வழியாகக் கொண்டு பண்ணைக்குள் புகுந்துவிட்டால் கதை மாறிவிடுகிறது. கோழிகள் வாத்தைப்போல் தாங்குவதில்லை. சில வகைகள் நுழைந்த கொட்டகையில் ஓரிரு நாளில் கூட்டம் கூட்டமாகச் செத்து விழும்.

செய்தியில் வரும் எச்5என்1, எச்7என்9 போன்ற பெயர்கள் ஏதோ ரகசியக் குறியீடு மாதிரி இருக்கும். அவை வைரஸின் மேல்தோலில் இருக்கும் இரண்டு புரதங்களின் எண்கள், அவ்வளவுதான். எச் என்பது ஒட்டிக்கொள்ளும் முள். என் என்பது வெளியே வரும்போது அறுத்துவிட்டுக் கிளம்பும் கத்தி. முள்ளிலும் கத்தியிலும் பல வகை உண்டு. ஐந்தாம் வகை முள்ளும் முதல் வகைக் கத்தியும் சேர்ந்தது எச்5என்1. கோழிப் பண்ணைகளைக் காலி செய்யும் கொடிய ரகங்கள் எச்5, எச்7 ஆகிய இரண்டு பிரிவுகளில் இருந்துதான் வந்திருக்கின்றன.

முள்ளைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் மற்ற எல்லாமே அதில்தான் தொங்குகிறது. ஊரில் வரப்போரம் நடந்தவர்களுக்கு நாயுருவி தெரியும். பருத்தி வேட்டியில் உரசினால் கொத்தாக ஒட்டிக்கொள்ளும். மழைக்கோட்டில் உரசினால் வழுக்கிக்கொண்டு போய்விடும். பறவை வைரஸின் முள் பறவைச் செல்களின் மேலிருக்கும் ஒருவகைச் சர்க்கரையில் ஒட்டப் பழகியது. மனிதனின் மூக்கிலும் தொண்டையிலும் பெரும்பாலும் இருப்பது சற்று வேறு வடிவச் சர்க்கரை. அதனால் நம் தொண்டை இந்த முள்ளுக்கு மழைக்கோட்டு மாதிரி. கோழிச் சந்தையில் நடந்துபோன எல்லோருக்கும் நோய் வராததற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

ஆனால் பறவை வகைச் சர்க்கரை நம் உடம்பில் இல்லாமல் இல்லை. நுரையீரலின் அடியாழத்தில் இருக்கிறது, கண்ணின் வெண்படலத்திலும் இருக்கிறது. நோய்க்கோழியின் இறகைப் பிடுங்கும்போது கிளம்பும் தூசியை நிறைய மூச்சில் இழுத்தால், ரத்தம் பட்ட கையால் கண்ணைத் தேய்த்தால், வைரஸுக்கு வேட்டி கிடைத்துவிடும். அடிநுரையீரலில் தொற்றுவதால் கடும் நிமோனியாவாக முற்றுகிறது. அங்கேயே ஆழத்தில் இருப்பதால் இருமல், தும்மல் வழியாக அடுத்தவருக்கு எளிதில் போவதும் இல்லை. வந்தவருக்குக் கடுமை, பக்கத்தில் இருப்பவருக்குப் பரவுவது அரிது என்ற விசித்திரமான குணம் இப்படித்தான் வருகிறது.

எண்களும் அதையே சொல்கின்றன. மனிதருக்கு எச்5என்1 தொற்றியது முதன்முதலாகத் தெரியவந்தது 1997இல், ஹாங்காங்கில். 18 பேருக்கு வந்து 6 பேர் இறந்தார்கள். அந்த நகரம் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கோழிகளைச் சில நாளில் அழித்தது. 2003 முதல் உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கில் ஏறியவர்கள் உலகம் முழுக்கச் சேர்த்து ஏறக்குறைய 1,000 பேர். அதில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் பிழைக்கவில்லை. பாதி என்பது பயங்கரமான விகிதம்தான். லேசாக வந்து தானாகச் சரியானவர்கள் பலர் கணக்கில் வராமலே போயிருக்கலாம் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல், கோடிக்கணக்கான கோழிகள், கோடிக்கணக்கான மனிதர்கள், அவ்வளவுக்கும் 1,000 பேர் என்பது மறுபக்கம்.

அப்படியானால் ஏன் எல்லோரும் இதையே பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்?

இன்ஃபுளுவென்சா வைரஸின் மரபுப்பொருள் ஒரே நீள இழையாக இல்லாமல் எட்டுத் துண்டுகளாக இருக்கிறது. எட்டுச் சீட்டு என்று வைத்துக்கொள்வோம். ஒருவருக்கு ஒரே நேரத்தில் பறவை வைரஸும் சாதாரண சளிக்காய்ச்சல் வைரஸும் தொற்றி, இரண்டும் ஒரே செல்லுக்குள் மாட்டிக்கொண்டால் சீட்டு கலைந்துவிடும். அங்கிருந்து வெளியே வருவது பறவையின் முள்ளும் மனிதத் தொண்டையில் வளரும் திறமையும் கொண்ட புது வைரஸாக இருக்கலாம். இது கற்பனை இல்லை. 1957இலும் 1968இலும் உலகைச் சுற்றிய பெருந்தொற்றுகள் இரண்டும் பறவை வைரஸின் சில சீட்டுகள் மனித வைரஸோடு கலந்து வந்தவைதாம். 1957ஆம் ஆண்டுத் தொற்று சிங்கப்பூரையும் விட்டுவைக்கவில்லை.

இன்னொரு வழி, கலக்காமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தானே மாறுவது. அதற்கு வைரஸுக்குப் பாலூட்டிகளில் பழகிப் பார்க்க வாய்ப்பு வேண்டும். 2024 மார்ச்சில் அமெரிக்காவில் கறவை மாடுகளில் எச்5என்1 கண்டுபிடிக்கப்பட்டபோது விஞ்ஞானிகள் நிமிர்ந்து உட்கார்ந்தது அதனால்தான். அதன்பின் அந்த நாட்டில் 70 பேர் அளவில் தொற்றியது. பெரும்பாலும் மாட்டுப் பண்ணை, கோழிப் பண்ணைத் தொழிலாளர்கள். பலருக்குக் கண் சிவந்து எரிந்ததோடு சரி. 2025 ஜனவரியில் லூசியானாவில் ஒருவர் இறந்தார். ஆளுக்கு ஆள் தொடர்ச்சியாகப் பரவும் நிலை இதுவரை எங்கும் வரவில்லை.

நமக்கு மனத்தளவில் இன்னும் நெருக்கமான இடம் ஒன்று உண்டு. 2025இன் தொடக்கத்தில் ஆந்திராவின் கோதாவரி மாவட்டங்களில் கோழிகளுக்குப் பெரிய அளவில் நோய் வந்தது. மார்ச்சில் அதே மாநிலத்தில் இரண்டு வயதுக் குழந்தை ஒன்று எச்5என்1 தொற்றி இறந்தது. சமைக்காத கோழித் துண்டு ஒன்றைக் குழந்தை வாயில் போட்டதாகச் செய்திகளில் வந்தது. கேரளத்தில் ஆலப்புழைப் பக்கத்து வாத்துப் பண்ணைகளில் 2014இலிருந்து இது திரும்பத் திரும்ப வருகிறது. அங்கே வந்தால் தமிழ்நாட்டு எல்லைச் சோதனைச் சாவடியில் கோழி வண்டிகளுக்கு மருந்து அடிப்பார்கள், நாமக்கல்லில் முட்டை விலை விழும். அந்தப் படங்கள்தான் பிற்பாடு தேதி இல்லாமல் அத்தையின் கைப்பேசிக்கு வந்து சேர்கின்றன.

சிங்கப்பூரில்

இங்கே மனிதர் யாருக்கும் எச்5என்1 தொற்றியதாக இதுவரை பதிவில்லை. தீவிலுள்ள பண்ணைகளிலும் அந்த நோய் பரவியதில்லை. அதிர்ஷ்டமும் இருக்கலாம், ஆனால் அதைவிடக் கெடுபிடி அதிகம்.

பறவைகள் நம்மைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. செப்டம்பரிலிருந்து மார்ச் வரை சுங்கை பூலோ சதுப்பு நிலத்துக்குப் போனால் சைபீரியாப் பக்கத்திலிருந்து வந்த உள்ளான்களையும் உப்புக்கொத்திகளையும் சேற்றில் பார்க்கலாம். கிழக்காசியாவிலிருந்து ஆஸ்திரேலியா வரை நீளும் பறவைப் பாதையில் நம் தீவு ஒரு தங்கல். நம் முட்டைப் பண்ணைகள் இருப்பதும் அதே வடமேற்கு மூலையில், லிம் சூ காங் பக்கம். அதனால்தான் அந்தப் பண்ணைக் கொட்டகைகளுக்குக் காட்டுப் பறவை நுழைய முடியாதபடி வலை, வண்டிகளுக்குக் கிருமிநாசினி, வெளியாட்கள் போகக் கட்டுப்பாடு எல்லாம். 2005இல் இதே அச்சத்தால் பூலாவ் உபின் தீவில் கோழி வளர்ப்பதற்குத் தடை வந்தது. கம்பத்து வீட்டைச் சுற்றிக் கோழி மேய்ந்த காலம் அதோடு முடிந்தது. 2017இல் சின் மிங் குடியிருப்புப் பக்கம் திரிந்த இருபத்துச் சொச்சம் கோழிகளை அதிகாரிகள் கொன்றபோது எழுந்த சண்டை பலருக்கு நினைவிருக்கும். சத்தம் என்று புகார் வந்ததால் என்றார்கள், பிறகு பறவைக் காய்ச்சல் அபாயமும் காரணம் என்றார்கள். முதலிலேயே அதைச் சொல்லியிருந்தால் பாதிச் சண்டை குறைந்திருக்கும் என்பது என் எண்ணம்.

இறக்குமதியில் நடப்பதைப் புரிந்துகொண்டால் செய்திகளைப் படிப்பது எளிது. 2004 ஆகஸ்டில் மலேசியாவின் கிளந்தானில் எச்5என்1 வந்ததும், சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து வரும் கோழி, முட்டை அனைத்தையும் நிறுத்தியது. புதுக்கோழி இல்லாமல் ஈரச்சந்தைக் கடைக்காரர்களும் கோழிச்சோற்றுக் கடைகளும் தவித்தார்கள். உறையவைத்த கோழிக்கு மாற வேண்டியதாயிற்று. 2025 மே மாதம் நமக்கு அதிகமாகக் கோழி அனுப்பும் நாடுகளில் ஒன்றான பிரேசிலில், முதல்முறையாக ஒரு வணிகப் பண்ணையில் நோய் வந்தபோது முழு பிரேசிலையும் மூடவில்லை. தொற்று கண்ட சுற்றுவட்டாரத்துக்கு மட்டும் தடை. எந்த வட்டாரத்தில் நோய், எங்கே இல்லை என்று பிரித்துப் பார்க்கும் ஏற்பாடு இடையில் வலுப்பட்டிருக்கிறது.

இதிலிருந்து ஒன்று தெரிகிறது. "இறக்குமதிக்குத் தடை" என்று செய்தி வந்தால், நேற்றுத் தேக்கா சந்தையில் வாங்கிய கோழி விஷம் என்று அர்த்தமில்லை. நோய்ப்பட்ட இடத்துச் சரக்கு இங்கே வந்து இறங்காமல் வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள் என்று அர்த்தம். கோழியைக் கீழ்வீட்டு அம்மாவுக்குக் கொடுக்க வேண்டிய அவசியம் இல்லை.

மஞ்சள் தண்ணீரும் அரைவேக்காட்டு முட்டையும்

இனிச் சமையலறைக்கு வருவோம். சூடு இந்த வைரஸுக்கு எமன். எல்லாப் பகுதியும் 70 டிகிரி செல்சியஸைத் தொட்டுவிட்டால் போதும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். நம் வீட்டுக் கோழிக் குழம்பு அடுப்பில் அரை மணி நேரம் கொதிக்கிறது. அதில் வைரஸ் பிழைத்திருக்க வழியே இல்லை. உறைபெட்டிக் குளிர் அதைக் கொல்லாது, பதப்படுத்தி வைக்கும். ஆகவே குளிரை நம்ப வேண்டாம், கொதியை நம்புங்கள்.

அத்தை கோழி கழுவுவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். தொட்டியில் கோழித் துண்டுகளைக் கொட்டுவார். குழாயை முழுசாகத் திறப்பார். தண்ணீர் துண்டுகளில் மோதி நாலாபுறமும் தெறிக்கும்: பக்கத்தில் கவிழ்த்து வைத்த தம்ளர்கள், நறுக்கி வைத்த கொத்தமல்லி, அத்தையின் கண்ணாடி. பிறகு மஞ்சள்தூள் போட்டு அளைந்து, "இனி ஒரு கிருமியும் இருக்காது" என்பார். மஞ்சள் வாடையைப் போக்கும், மனசுக்கு நிம்மதி தரும். வைரஸை அது கொல்லும் என்று நம்பி இருக்க முடியாது. சிங்கப்பூரில் வாங்கும் கோழியில் பறவைக் காய்ச்சல் வைரஸ் இருக்கும் வாய்ப்பு மிக மிகக் குறைவு, உண்மை. ஆனால் சால்மொனெல்லா போன்ற பாக்டீரியாக்கள் அந்தத் தெறிப்பில் கொத்தமல்லிக்குப் போவது வெகு சாதாரணம். கழுவாமல் சமைக்க மனம் வராதவர்கள் (நம் வீடுகளில் அது நடக்காது என்று எனக்கும் தெரியும்) ஒரு பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, மெதுவாக முக்கி எடுத்து, அந்த நீரைத் தெறிக்காமல் ஊற்றிவிடுங்கள். தொட்டியையும் கத்தியையும் சோப்பு போட்டுத் தேய்த்துவிடுங்கள். இன்ஃபுளுவென்சா வைரஸைச் சுற்றி ஒரு கொழுப்பு உறை உண்டு. எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கும் சோப்பு அந்த உறையையும் கிழித்துவிடும். கைக்கும் அதே சோப்புதான், இருபது வினாடி.

முட்டை? கோப்பிக் கடையில் காயா ரொட்டியோடு வரும் அரைவேக்காட்டு முட்டையை விடச் சொன்னால் பலர் என்னை விட்டுவிடுவார்கள். இங்கே விற்கும் முட்டைகள் கண்காணிப்பில் இருக்கும் பண்ணைகளிலிருந்து வருபவை என்பதால், உள்ளூரில் நோய் இல்லாத சாதாரண நாளில் பறவைக் காய்ச்சலுக்காக அதை விட வேண்டியதில்லை. கர்ப்பிணிகள், சின்னக் குழந்தைகள், வயதானவர்கள் வேறு கிருமிகளுக்காகவே தவிர்ப்பது நல்லது. நோய் பரவியிருக்கும் நாட்டுக்குப் போனால் மட்டும் மஞ்சள்கரு கெட்டியாகும்வரை வேகவைத்த முட்டையே சாப்பிடுங்கள். காய்ச்சாத பச்சைப் பாலும் அதே வகை. இங்கே கடைகளில் கிடைப்பது சூடாக்கிக் கிருமி நீக்கிய பால், அதில் பிரச்சினை இல்லை.

புளோக்கின் கீழே

புறாவுக்குச் சோறு போடுவது புண்ணியம் என்று வளர்ந்த தலைமுறை நம்முடையது. இங்கே அது சட்டப்படி குற்றம்; முதல் முறைக்கே 5,000 வெள்ளி வரை அபராதம் விதிக்கலாம். பறவைகள் ஓரிடத்தில் நெருக்கியடித்துத் தின்பது, எச்சம் குவிவது, அதன் நடுவே குழந்தைகள் விளையாடுவது எந்தக் கிருமிக்குமே வசதியான ஏற்பாடு. நோய்க் கோணத்தில் பார்த்தாலும் அந்தச் சட்டம் எனக்குச் சரியாகவே படுகிறது.

நடைபாதையில் ஒரு மைனா செத்துக் கிடந்தால் கண்ணாடிச் சன்னலில் மோதியிருக்கும் வாய்ப்பே அதிகம். ஆனாலும் வெறுங்கையால் தொடாதீர்கள், குழந்தையைக் குச்சியால் கிளற விடாதீர்கள். பல பறவைகள் ஒரே இடத்தில் செத்துக் கிடந்தாலோ, தலை கோணி, தள்ளாடி நடந்தாலோ தேசியப் பூங்காக் கழகத்தின் விலங்கு உதவி எண் 1800-476-1600க்கு அழைத்துச் சொல்லுங்கள். பாசிர் ரிஸ் பக்கம் திரியும் சேவல்களைப் படம் எடுக்கலாம், பிடித்துத் தூக்க வேண்டாம்.

பூனை வளர்ப்பவர்களுக்கு ஒரு சொல். 2024 செப்டம்பரிலிருந்து வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீடுகளில் பூனை வளர்க்க அனுமதி இருப்பதால் அந்தக் கூட்டம் பெருகிக்கொண்டிருக்கிறது. பூனை இனத்துக்கு எச்5என்1 மிகக் கொடியது. 2004இல் தாய்லாந்தில் ஸ்ரீராச்சா புலிப் பூங்காவில் நோய்ப்பட்ட கோழியைப் பச்சையாகப் போட்டதில் 147 புலிகள் இறந்தன, அல்லது கருணைக்கொலை செய்யப்பட்டன. அண்மையில் அமெரிக்காவில் பச்சை இறைச்சித் தீனி சாப்பிட்ட வீட்டுப் பூனைகளும் இறந்திருக்கின்றன. "இயற்கை உணவு" என்று பச்சைக் கோழி கொடுக்கும் பழக்கம் இருந்தால், வேகவைத்துக் கொடுங்கள். பூனை கோபித்துக்கொள்ளும், பிறகு தின்னும்.

பெட்டி கட்டும்போது

சிங்கப்பூரில் இருக்கும் ஒருவருக்கு இந்த வைரஸ் எதிரில் வரக்கூடிய இடம் பெரும்பாலும் விமான நிலையத்துக்கு அப்பால்தான். கம்போடியா, வியட்நாம், இந்தோனேசியா, பங்களாதேஷ், இந்தியா எல்லாம் மனிதருக்குத் தொற்று கண்ட நாடுகள். அங்கே போகக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. உயிர்க்கோழிச் சந்தைக்குள் வேடிக்கை பார்க்கப் போகாதீர்கள். ஊரில் கறிக்கடையில் கண்முன்னே அறுத்துத் தரும் கோழி வாங்க வேண்டும் என்றால், தள்ளி நின்று வாங்கி, கையைக் கழுவுங்கள். ஒரே வாரத்தில் பக்கத்து வீட்டில் நாலைந்து கோழி செத்தது என்று காதில் விழுந்தால் அந்தக் கோழிகளைச் சமைப்பது, "செத்துப்போவதற்குள் அறுத்துவிடலாம்" என்று அவசரமாக அறுப்பது இரண்டுமே கூடாது. பல நாடுகளில் குடும்பத்துக்குள் நோய் வந்தது இந்தச் சிக்கனத்தில்தான். வீட்டுப் பணிப்பெண் விடுப்பில் ஊருக்குப் போகும்போதும் இதை ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். அவர் வீட்டுக் கொல்லையிலும் கோழி இருக்கும்.

திரும்பும்போது மாமியார் கட்டிக்கொடுக்கும் நாட்டுக்கோழிக் கறி, நாட்டு முட்டை விஷயத்தில் மனதைக் கல்லாக்கிக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் உணவு அமைப்பு அங்கீகரித்த நாடுகளிலிருந்து மட்டும்தான், அதுவும் குறிப்பிட்ட அளவில்தான், பயணிகள் இறைச்சியும் முட்டையும் கொண்டுவரலாம். ஊறுகாயும் முறுக்கும் வாங்கிக்கொண்டு கிளம்பலாம்.

வந்த பிறகு பத்து நாளைக்குள் காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல், காரணமில்லாமல் கண் சிவப்பு எதுவானாலும் முகக்கவசம் போட்டுக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். உட்கார்ந்ததும் முதல் வாக்கியமாக, "இந்த ஊருக்குப் போய்வந்தேன், அங்கே கோழியைத் தொட்டேன்" என்று சொல்லுங்கள். இது மிக முக்கியம். ஏனென்றால் அறிகுறியை மட்டும் பார்த்து எந்த மருத்துவராலும் இதைச் சாதாரண ஃபுளூவிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. நீங்கள் சொன்னால்தான் அதற்குரிய பரிசோதனை நடக்கும், தேவைப்பட்டால் தேசியத் தொற்றுநோய்த் தடுப்பு நிலையத்துக்கு அனுப்புவார்கள். ஒசெல்டமிவிர் என்ற மருந்து (டாமிஃபுளூ என்ற பெயரில் கேள்விப்பட்டிருப்பீர்கள்) மேலே சொன்ன கத்தியை மழுங்கடிக்கும் மருந்து. அறிகுறி தொடங்கி 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால் பலன் அதிகம். இரண்டு நாள் பனடால் போட்டுப் பார்க்கலாம் என்று நாம் வழக்கமாகக் கழிக்கும் நேரம் அதுதான். அதற்காக அந்த மாத்திரையை வாங்கி வீட்டில் பதுக்கி வைப்பதும் வேண்டாம். எப்போது, எவ்வளவு என்று மருத்துவர்தான் சொல்ல வேண்டும்.

பெருந்தொற்றாக மாறினால்

2020 பிப்ரவரி 7 மாலை நினைவிருக்கிறதா? கோவிட் பரவலுக்காக டோர்ஸ்கான் (தொற்று எச்சரிக்கை நிலை) ஆரஞ்சு என்று அறிவித்த ஒரு மணி நேரத்தில் எங்கள் பேட்டையில் அரிசி, மேகி, கழிப்பறைத் தாள் எல்லாம் காலி. எனக்கு முன்னால் நின்றவர் தள்ளுவண்டியில் பத்து மூட்டை அரிசி. இந்த நாட்டில் அரிசி இறக்குமதியாளர்கள் எப்போதும் இரண்டு மாதச் சரக்கை இருப்பில் வைத்திருக்க வேண்டும் என்று விதி இருக்கிறது என்பது அவருக்கும் தெரியாது, அன்று எனக்கும் தெரியாது.

வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டியவை அதிகமில்லை. வேலை செய்யும் வெப்பமானி ஒன்று, எல்லோருக்கும் சில வாரத்துக்கு முகக்கவசம், சோப்பு. அதைவிட முக்கியம் நீரிழிவு, ரத்த அழுத்த மாத்திரைகள். நம் வீடுகளில் இவை இல்லாத வீடு அபூர்வம். மாத்திரை தீரும் நாளில்தான் பலதுறை மருந்தகத்துக்கு ஓடுவது என்றில்லாமல், இரண்டு வார இருப்பு எப்போதும் கையில் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பெரியவர்கள் தனியாக இருந்தால், அவர்களுக்குக் காய்ச்சல் வந்தால் யார் போவது, பிள்ளைகளுக்குப் பள்ளி மூடினால் யார் வீட்டில் இருப்பது என்று இப்போதே பேசி வைக்கலாம். அலமாரியில் ஒன்றிரண்டு வாரத்துக்குப் பருப்பு, மீன் டின், குழந்தைக்குப் பால்மாவு இருந்தால் போதும், பத்து மூட்டை வேண்டாம்.

அப்புறம் ஃபுளூ தடுப்பூசி. வருடாந்தரத் தடுப்பூசி எச்5என்1ஐத் தடுக்காது. பின் எதற்கு என்று கேட்டால், எட்டுச் சீட்டு கலைவதை நினைத்துப் பாருங்கள்: சாதாரண ஃபுளூ நம் உடம்பில் இல்லையென்றால் கலப்பதற்கு ஆளில்லை. அந்த ஃபுளூவே 65 வயதைத் தாண்டியவர்களையும் நீண்டகால நோயுள்ளவர்களையும் மருத்துவமனையில் சேர்க்கக்கூடியது என்பதால், ஊசி அவர்களுக்கு எப்படியும் தேவை. அரசாங்கத்தின் ஹெல்தியர் எஸ்ஜி சுகாதாரத் திட்டத்தில் சேர்ந்திருக்கும் குடிமக்கள், அவர்களுக்குப் பரிந்துரைக்கப்பட்டிருந்தால், தங்கள் மருந்தகத்திலேயே காசில்லாமல் போட்டுக்கொள்ளலாம். எச்5 வைரஸுக்கென்றே தடுப்பூசிகள் இருக்கின்றன. 2024இல் ஃபின்லாந்து தன் பண்ணைத் தொழிலாளர்களுக்குப் போடத் தொடங்கியது. நமக்கு அது தேவைப்படும் நாள் வந்தால் செய்தியில் முதல் வரியாக வரும், வாட்ஸ்அப்பில் தேடவேண்டியிருக்காது.

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தையிடம் சொன்னேன். கறிவேப்பிலை உருவியபடி கேட்டுக்கொண்டார். மஞ்சள் விஷயத்தில் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. பொங்கலுக்கு ஊருக்குப் போகிறார்; இந்தமுறை கோழியைக் கடைக்காரனே சுத்தம் செய்து தரட்டும், பேரனைக் கொல்லைப்புறம் விடுவதில்லை என்றார். கீழ்வீட்டு அம்மா, ரொம்ப நாளாகக் கோழி வரவில்லையே என்று விசாரித்தாராம்.